எடையற்ற கலத்தின் எடை

விண்வெளியில் செல்லும் கலத்துக்கு அடிப்பக்கம் என்று ஒன்று தேவையில்லை. அது எதன்மீதும் நிற்பதில்லை, எதிலிருந்தும் தொங்குவதுமில்லை. கற்பனை விண்கலங்களை வரைபவர்களுக்கு இதனால் ஒரு சுதந்திரம் கிடைக்கிறது. கட்டடக் கலைஞருக்கும் கப்பல் கட்டுபவருக்கும் வாய்க்காத சுதந்திரம் அது. அகன்ற தட்டு ஒன்றை ஒடுங்கிய கழுத்தின் நுனியில் வைக்கலாம். நீண்ட குழல்களை ஒல்லியான கைகளின் முனையில் நிறுத்தலாம். தாளின்மீது எதுவும் சாய்வதில்லை, வளைவதில்லை. ஆனால் அதே கலத்தை மரத்திலும் தகட்டிலும் செய்து ஓர் அறைக்குள் நிறுத்த வேண்டியவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. வரைந்தவர் மறந்துவிட்ட புவியீர்ப்பை அவர் ஒரு கணமும் மறக்க முடியாது. சிறிய மாதிரியில் அது பெரிய தொல்லையாக இருப்பதில்லை. ஒரு கம்பியும் ஒரு மரக்கட்டையும் போதும். மாதிரி ஆள் உயரத்தைத் தாண்டும்போதோ, கலத்தைச் செய்வதைப் போலவே அதைத் தாங்குவதும் ஒரு தனி வேலையாகிவிடுகிறது.

இதை ஆராய்வதற்கு நன்கு பதிவான ஒரு சான்று உண்டு. 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடருக்காக 1964இல் செய்யப்பட்ட 'என்டர்பிரைஸ்' கலத்தின் 11 அடி மாதிரி அது. 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய அத்தொடர், மூன்று பருவங்களும் 79 அத்தியாயங்களுமாக 1969இல் முடிவுற்றது. மாதிரி மட்டும் எஞ்சியது. இன்று அது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வான்-விண்வெளி அருங்காட்சியகத்துக்கு உரியது. இந்த அறுபது ஆண்டுகளில் அது எவ்வெவ்வாறு தாங்கப்பட்டது என்பதைப் பின்தொடர்ந்தால் ஒன்று தெளிவாகும்: ஒரு பொருளை வைத்திருப்பவர்கள் அதை என்னவென்று கருதுகிறார்கள் என்பதை, அவர்கள் எழுதும் விளக்கப் பலகையைவிட அதற்கு அவர்கள் கொடுக்கும் தாங்கி நேர்மையாகச் சொல்லிவிடும்.

கலத்தின் வடிவத்தை உருவாக்கியவர் மேட் ஜெஃப்ரீஸ். அவர் விமானி, விமானங்களை உள்ளும் புறமும் அறிந்தவர். ஆயினும் அவர் வரைந்த கலம் எந்த விமானத்தையும் போல இல்லை. முன்னால் வட்டமான பெரிய தட்டு. அதைப் பின்னோக்கிச் சாய்ந்திறங்கும் ஒரு கழுத்து தாங்குகிறது. கழுத்தின் கீழே உருளை வடிவில் இரண்டாம் உடல். அவ்வுடலின் பின்பகுதியிலிருந்து மேல்நோக்கி விரியும் இரண்டு மெல்லிய கைகள். கைகளின் முனையில் இரண்டு நீண்ட இயந்திரக் குழல்கள். கனமானவை எல்லாம் ஓரங்களில். அவற்றை இணைப்பவை எல்லாம் ஒல்லியானவை. கண்ணுக்கு இது அழகு. கட்டமைப்பியல் படித்த எவருக்கும் இது கவலை.

அந்தக் கவலையை முதலில் சுமந்தவர் மாதிரிக் கலைஞர் ரிச்சர்ட் டேட்டின். முதலில் அவர் 33 அங்குல நீளத்தில் ஒரு சிறு மாதிரியைச் செய்தார். பின்னர் பெரிய மாதிரி, கலிபோர்னியாவின் பர்பேங்க் நகரில் வோல்மர் ஜென்சன் நடத்திய மாதிரிப் பட்டறையில் உருவானது. ஜென்சன் சறுக்கு விமானங்களையும் சிறு விமானங்களையும் வடிவமைத்தவர். குறைந்த எடையில் விறைப்பான கூடு எழுப்புவது அவருக்குப் பழகிய வேலை. பாப்லர் மரம், வெப்பத்தில் இளக்கி அச்சின்மீது உறிஞ்சிப் படியவைத்த பிளாஸ்டிக், சுருட்டிய உலோகத் தகட்டுக் குழாய் ஆகியவற்றால் ஆன மாதிரி 1964ஆம் ஆண்டின் இறுதியில் தயாரானது. நீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர், தட்டின் விட்டம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர், எடை சுமார் 90 கிலோ. கதையில் 289 மீட்டர் நீளமுள்ள கலம், பட்டறையில் ஏறத்தாழ எண்பத்தைந்தில் ஒரு பங்காக வந்து நின்றது.

சிறு மாதிரியிலிருந்து பெரிய மாதிரிக்குச் செல்வது நான்கு மடங்கு நீளம் என்ற அளவில் முடிந்துவிடுவதில்லை. 1638இல் வெளியான தம் 'இரு புதிய அறிவியல்கள்' நூலில் கலிலியோ விளக்கிய உண்மை இங்கே குறுக்கிடுகிறது. ஒரே பொருளால், ஒரே விகிதத்தில், எல்லா அளவுகளையும் நான்கு மடங்காக்கினால் எடை அறுபத்து நான்கு மடங்காகும். அந்த எடையைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்போ பதினாறு மடங்குதான் கூடும். ஆகவே பொருளுக்குள் எழும் தகைவு நான்கு மடங்காகிறது. ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட கை தன் எடையால் கீழே தாழும் அளவு பதினாறு மடங்காகிறது. மேசைமேல் வைக்கும் மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் தாழும் குழல், பெரிய மாதிரியில் ஒன்றரைச் சென்டிமீட்டருக்கும் மேல் தாழும். ஒரு மில்லிமீட்டர் தாழ்வு கண்ணில் படாது. இரண்டு குழல்களில் ஒன்று மற்றொன்றைவிட ஒன்றரைச் சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால், கலம் பழுதுபட்டதுபோலத் தோன்றும். பெரிய மாதிரியை உள்ளீடற்ற கூடாகச் செய்வதும், உள்ளே விலாச்சட்டங்கள் கொடுப்பதும் இந்தக் கணக்கிலிருந்து தப்பிப்பதற்கான வழிகளே.

காலம் இன்னொரு எதிரி. மரமும் பிளாஸ்டிக்கும் இடைவிடாத சுமையின்கீழ் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே இருக்கும். இன்று சரியாக நிற்கும் கை, சுமை சற்றும் கூடாதபோதும், பத்தாண்டுகளுக்குப் பின் அதே இடத்தில் இருக்காது. பொறியியலில் இதற்குத் தவழ்வு என்று பெயர். படப்பிடிப்புக்கென்று செய்பவருக்கு இந்தக் கவலை இல்லை. அவருக்குச் சில பருவங்கள் போதும். அருங்காட்சியகம் நூற்றாண்டுகளைக் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரே மாதிரிக்கு இரு காலக்கணக்குகள். தாங்கிகளும் இரு வகை.

படப்பிடிப்பில் அந்த மாதிரி எவ்வாறு நிறுத்தப்பட்டது? உருளை உடலின் அடிப்பக்கத்தில் நுழைந்த ஒற்றைத் தூணின்மேல். கேமரா தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும், கலம் அசையாது நிற்கும், பின்னால் நீலத்திரை. திரையில் கலம் பறப்பதாகத் தோன்றியபோதெல்லாம் உண்மையில் நகர்ந்தது கேமராதான். தாங்கி எந்தக் கோணத்தில் தெரியாமல் போகுமோ, அந்தக் கோணத்துக்கு ஏற்பவே காட்சி அமைந்தது. தொடக்கத்தில் மாதிரிக்குள் விளக்குகள் இல்லை. பின்னர் அவற்றைப் பொருத்தியபோது மின்கம்பிகள் இடப்பக்கத்தின் வழியே வெளியே வந்தன. அதனால் வலப்பக்கமே கலத்தின் முகமாயிற்று. இடப்பக்கத்தின் நுணுக்க வேலைகள் முழுமை பெறவேயில்லை. இடப்பக்கக் காட்சி வேண்டியபோது, வலப்பக்கத்தில் கண்ணாடிப் பிம்பமாக எழுதிய எண்களை ஒட்டிப் படமெடுத்துப் படச்சுருளைத் திருப்பிக்கொண்டார்கள். தொலைக்காட்சி பார்த்த கோடிக்கணக்கானோர் முழுக் கலம் ஒன்றைக் கண்டதாக நம்பினார்கள். அறையில் இருந்தது ஒரு பக்கக் கலம். ஒரு காலில் நின்ற கலம்.

ஒற்றைத் தூண் எளிய தீர்வாகத் தோன்றும். அது வைக்கும் நிபந்தனைகள் கடுமையானவை. முதலாவது, தூண் மாதிரியின் ஈர்ப்பு மையத்துக்கு நேர்கீழே, அல்லது அதற்கு மிக அருகே அமைய வேண்டும். மையத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. மாதிரியை முன்னும் பின்னுமாக இரண்டு எடை பார்க்கும் கருவிகளின்மேல் வைத்தால் போதும். முன்கருவி 54 கிலோவும் பின்கருவி 36 கிலோவும் காட்டுகின்றன, இரண்டுக்கும் இடையே 1.5 மீட்டர் தொலைவு என்று கொள்வோம். பின்னெடையைத் தொலைவால் பெருக்கி மொத்த எடையால் வகுத்தால், முன்கருவியிலிருந்து 0.6 மீட்டர் தள்ளி மையம் இருப்பது தெரியும். அழகுக்காகவோ வசதிக்காகவோ தூணை வேறிடத்தில் வைத்தால், அந்த விலகல் நிரந்தரமான ஒரு திருப்புவிசையாகத் தூணின் தலையில் அமர்ந்துகொள்ளும்.

இரண்டாவது, மாதிரி தூணின்மேல் சுழலக் கூடாது. வட்டக் குழாய்க்குள் வட்டக் குழாயைச் செருகினால், குழல்களில் ஒன்றில் யாரேனும் தோளால் இடித்தாலே கலம் திரும்பிவிடும். சதுரக் குழாய்க்குள் சதுரக் குழாய் அப்படித் திரும்பாது. குறுக்கே ஒரு போல்ட் மாட்டினால் மேலே கழன்றும் வராது. மூன்றாவது, அந்தத் தூணின் தலை மாதிரியின் தோலைப் பிடிக்கக் கூடாது. எலும்பைப் பிடிக்க வேண்டும். வெளிப்புறம் மெல்லிய பலகையும் பிளாஸ்டிக்கும்தான். உள்ளே குறுக்குச் சட்டங்களுடன் பிணைந்த ஒரு கட்டைக்கோ எஃகுத் தகட்டுக்கோ சுமை போய்ச் சேர வேண்டும். தட்டின் எடை கழுத்து வழியாகவும், குழல்களின் எடை கைகள் வழியாகவும், எல்லாம் அந்த ஓரிடத்தில் வந்து கூடும். அதனால்தான் தாங்கியைப் பற்றிய யோசனை கலத்தின் முதல் மரச்சட்டத்தை அறுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். வீடு கட்டி முடித்தபின் அடித்தளம் தோண்டுவார் இல்லை. ஆனால் மாதிரி செய்பவர்களில் பலர் கடைசி வாரத்தில்தான் தாங்கியை நினைக்கிறார்கள்.

நான்காவது நிபந்தனை தரையில் இருக்கிறது. மாதிரியும் தாங்கியும் சேர்ந்து 90 கிலோ என்றும், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் என்றும், அடிப்பீடத்தின் விளிம்பு நடுவிலிருந்து 0.4 மீட்டர் தொலைவில் என்றும் கொள்வோம். அந்த உயரத்தில் பக்கவாட்டில் 30 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளினால் முழு அமைப்பும் கவிழத் தொடங்கும். கூட்டத்தில் தடுமாறிய ஒருவர் கைப்பிடிக்காக எட்டிப் பிடித்தால் அந்த விசை வந்துவிடும். பீடத்தின் அடியில் 60 கிலோ எஃகுத் தகடுகளைச் சேர்த்தால் தேவைப்படும் விசை உயரும். கூடுதல் எடையால் பொது ஈர்ப்பு மையம் கீழிறங்குகிறது, கவிழ்க்கத் தேவையான திருப்புவிசை 36 கிலோகிராம்-மீட்டரிலிருந்து 60ஆகக் கூடுகிறது, அதே 1.2 மீட்டர் உயரத்தில் தள்ளினால் 50 கிலோ விசை வேண்டும். பார்வையாளர் கண்ணுக்குப் படாத அந்த 60 கிலோ இரும்புக்கு யாரும் விளக்கப் பலகை எழுதுவதில்லை.

பின்வந்தவர்கள் இந்தச் சிக்கலைப் பல வழிகளில் எதிர்கொண்டனர். 1968இல் வெளியான '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்துக்காகச் செய்யப்பட்ட 'டிஸ்கவரி' கலத்தின் பெரிய மாதிரி 54 அடி நீளமுள்ளது. அத்தனை நீளமான ஒன்றை அசைப்பது அறிவீனம். மாதிரி நிலையாக இருக்க, கேமரா மிக மெதுவாக நகர்ந்தது. 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் கலங்களில் பலவற்றுக்குப் பல பக்கங்களில் பொருத்துதுளைகள் இருந்தன. எந்தப் பக்கம் கேமராவுக்கு மறைவோ, அந்தப் பக்கத்துளையில் தூண் நுழையும். மற்றத் துளைகளை மூடித்தகடுகள் மறைக்கும். 1979இல் 'ஸ்டார் ட்ரெக்' திரைப்படமானபோது புதிய 'என்டர்பிரைஸ்' ஏறத்தாழ 8 அடி நீளத்தில் செய்யப்பட்டது. பற்றவைத்த அலுமினியச் சட்டகம் ஒன்று அதன் உள்ளே எலும்புக்கூடாக அமைந்தது. குழல்கள் தாழாமல் காப்பது அதன் பணிகளுள் ஒன்று. பழைய மாதிரி கற்றுக்கொடுத்த பாடத்தைப் புதிய மாதிரி தன் உடலுக்குள் எழுதிக்கொண்டது எனலாம்.

பழைய மாதிரியின் பிந்தைய வாழ்வு வேறு. தொடர் முடிந்து ஐந்தாண்டுகளுக்குப் பின், 1974இல், பாராமவுண்ட் நிறுவனம் அதை ஸ்மித்சோனியனுக்கு நன்கொடையாக அளித்தது. அதன்பின் வந்த பல ஆண்டுகளில் அது கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டது. அம்முடிவின் காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமன்று. விமானங்கள் கூரையிலிருந்து தொங்கும் காட்சியே அந்த அருங்காட்சியகத்தின் மொழி. சார்ல்ஸ் லிண்ட்பெர்க் 1927இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த 'ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' அங்கே தொங்குகிறது. பறக்கும் பொருளைப் பறக்கும் நிலையில் காட்டுவது நியாயமாகவே தோன்றும்.

இங்கேதான் ஒரு நுண்ணிய வேறுபாடு கவனத்துக்கு உரியது. உண்மையான விமானம் ஒன்று பறக்கும்போது அதன் உடல் இறக்கைகளிலிருந்து தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மேலிருந்து இழுக்கும் விசையைத் தாங்குவதற்கென்றே அதன் சட்டகம் கணக்கிடப்பட்டிருக்கிறது. ஆகவே தகுந்த புள்ளிகளில் வடம் கட்டித் தொங்கவிட்டால், அது தன் இயல்புக்கு அந்நியமான சுமை எதையும் சந்திப்பதில்லை. 'என்டர்பிரைஸ்' மாதிரி பறப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. ஒரு தூணின்மேல் நிற்பதற்காகச் செய்யப்பட்டது. அதன் சட்டங்கள் எல்லாம் சுமையைக் கீழ்நோக்கி, அந்த ஒரே பொருத்துவாய்க்குக் கொண்டுசெல்வதற்காக அமைந்தவை. அதை மேலிருந்து வடங்களால் பிடித்தால், அழுத்தத்துக்காகச் செய்த இணைப்பு இழுவையைச் சந்திக்கும். ஒட்டுப்பசைக் கோடுகள் பிரியும் திசையில் சுமை ஏறும். கலத்தைப் பொறுத்தவரை தொங்குவது பறப்பது. மாதிரியைப் பொறுத்தவரை தொங்குவது தொங்குவதே. அதைத் தொங்கவிட்டவர்கள் அதை ஒரு விண்கலமாக மதித்தார்கள். படப்பிடிப்புப் பொருளாக, மரத்தாலான ஒரு கலைவேலையாக மதித்திருந்தால் ஒரு தூணைக் கொடுத்திருப்பார்கள். அன்பு மிகுந்ததால் நேர்ந்த பிழையான வகைப்பாடு அது.

2000ஆம் ஆண்டுமுதல் அது அருங்காட்சியகக் கடையின் கீழ்த்தளத்தில் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் இருந்தது. 2014இல் அங்கிருந்து எடுக்கப்பட்டு, வர்ஜீனியா மாநிலம் ஷாண்டிலியில் உள்ள ஸ்டீவன் எஃப். உட்வார்-ஹேசி மையத்தின் எமில் பூலர் பாதுகாப்பு ஆய்வகத்துக்குச் சென்றது. அதற்குமுன் மூன்று முறை அது புதுப்பிக்கப்பட்டிருந்தது. இம்முறை மாதிரியைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். ஊடுகதிர்ப் படம் எடுத்து உள்ளே உள்ள சட்டங்களையும் ஆணிகளையும் பார்த்தார்கள். வண்ணப் படலங்களை அடுக்கடுக்காக ஆராய்ந்தார்கள். எந்தக் காலத்துத் தோற்றத்துக்கு அதைத் திருப்புவது என்ற கேள்விக்கு, 1967 ஆகஸ்ட் என்று விடை கண்டார்கள். படப்பிடிப்புக்காலத்தில் மாதிரியில் செய்யப்பட்ட கடைசி மாற்றத்தின் காலம் அது. 2016 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தின் முகப்புக் கூடத்தில், நிலவில் இறங்கும் கலமொன்றும் லிண்ட்பெர்க்கின் விமானமும் இருந்த அதே கூடத்தில், வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட பேழைக்குள் மாதிரி இடம்பெற்றது.

இத்தகைய பணிகளைப் பற்றிய செய்திகள் முன்படத்தையும் பின்படத்தையும் அருகருகே காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. இடைப்பட்ட காலத்தில் மாதிரி எதன்மேல் கிடந்தது என்பதை யாரும் கேட்பதில்லை. பெரிய மாதிரி ஒன்றுக்கு ஒரு தாங்கி ஒருபோதும் போதாது. வேலை நடக்கும்போது அதைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்ப வேண்டியிருக்கும். அதற்குச் சுழலும் சட்டகம் ஒன்று வேண்டும். பிரித்தெடுத்த தட்டு தன் விளிம்பில் நிற்காது. அதன் வளைவுக்கேற்ப வெட்டிய பிளைவுட் விலாக்களின்மேல் மெத்தை வைத்த தொட்டில் வேண்டும். குழல்களைத் தரையில் உருட்டிவிட முடியாது; அவற்றுக்கு வி வடிவப் பள்ளங்கள் கொண்ட கட்டைகள் வேண்டும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்லப் பெட்டிக்குள் வேறொரு சட்டகம் வேண்டும். அது பேழைத் தாங்கியைப் போல விறைப்பாக இருக்கக் கூடாது. வண்டியின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை மாதிரி கண்ணாடிப் பேழைக்குள் போனதும் பிரிக்கப்பட்டு, மரத்துண்டுகளாக அடுக்கப்பட்டுவிடும்.

இத்தாங்கிகள் மாதிரியைத் தொடும் இடம்தான் மிகுந்த கவனத்துக்குரியது. மாதிரிக்குத் தீங்கு இடியால் மட்டும் வருவதில்லை. தாங்கியின் மூச்சாலும் வரும். ஓக் மரம் மெல்ல அசிட்டிக் அமில ஆவியை வெளிவிடும். மூடிய பேழைக்குள் அது ஈய உலோகத்தை அரிக்கும். கம்பளியில் கந்தகம் உண்டு; வெள்ளியைக் கறுக்கச் செய்யும். முழுதாக உலராத வண்ணப்பூச்சு மாதிரியின் வண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அருங்காட்சியகத் தாங்கிகளைச் செய்பவர்கள் பாலிஎத்திலீன் நுரை போன்ற, எதையும் கசியவிடாத பொருள்களைத் தேர்கிறார்கள். தாங்கி மாதிரியைவிட உறுதியாக இருக்க வேண்டும். ஆனால் தொடும் இடத்தில் மாதிரியைவிட மென்மையாக இருக்க வேண்டும். தேய்மானம் நேர வேண்டுமானால் அது தாங்கியில் நேர வேண்டும். அதோடு, திருகு எதுவும் மாதிரிக்குள் புதிதாக இறங்கக் கூடாது. இன்று பொருத்தியதை நாளை ஒரு சுவடும் இல்லாமல் கழற்ற முடிய வேண்டும். கைவினையாகத் தோன்றும் இந்த விதிகளுக்குள் ஓர் அறம் இருக்கிறது: பின்னால் வருபவர் தன்னைவிட நன்றாக அறிந்திருக்கக்கூடும் என்ற ஒப்புதல்.

ஆய்வாளர்களுக்கு இதில் கூடுதலான ஒரு செய்தி உண்டு. பழைய தாங்கிகள் விட்டுச்சென்ற தடங்கள் சான்றுகள். அடிப்பக்கத்தில் உள்ள பொருத்துவாய், மாதிரி எவ்வாறு படமாக்கப்பட்டது என்பதைச் சொல்கிறது. இடப்பக்கத்து மின்கம்பித் துளைகள், ஏன் ஒரு பக்கம் மட்டும் முகமானது என்பதைச் சொல்கின்றன. வடங்களைப் பிடித்த இடங்கள், அதன் அருங்காட்சியக வாழ்வின் ஒரு கட்டத்தைச் சொல்கின்றன. அழகுபடுத்தும் ஆர்வத்தில் ஒருவர் இத்துளைகளை அடைத்து, தேய்த்து, வண்ணம் பூசிவிட்டால் மாதிரி முழுமையடைந்ததுபோலத் தோன்றும். அதன் வரலாறோ அங்கே மூடப்பட்டுவிடும். கல்வெட்டில் பொரிந்த எழுத்தைத் தன் ஊகத்தால் செதுக்கி நிரப்புவதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. மாதிரியின் குறைகளே அது செய்பொருள் என்பதற்கு ஆதாரம். தாங்கியின் தடங்களே அது வேலை செய்த பொருள் என்பதற்கு ஆதாரம்.

ஆயினும் அருங்காட்சியகங்கள் பொருளுக்குக் கொடுக்கும் பதிவெண்ணைத் தாங்கிக்குக் கொடுப்பது அரிது. பொருளின் வண்ணம், அளவு, நன்கொடையாளர், நாள் எல்லாம் பதிவாகின்றன. எந்தப் புள்ளியில் எத்தனை கிலோ அமர்ந்திருக்கிறது, எந்தப் போல்ட்டை முதலில் கழற்ற வேண்டும், எந்தப் பக்கம் கை வைக்கக் கூடாது என்பன பெரும்பாலும் அதைச் செய்தவரின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர் ஓய்வுபெறும் நாளில் அந்த அறிவும் வாசலைத் தாண்டிவிடுகிறது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களும் இதற்கு விலக்கல்ல. கட்டுரையில் கருவியின் பெயர் இருக்கும். அக்கருவி அதிராமல் நிற்கும்படி மேசையை வடிவமைத்த பட்டறைத் தொழிலாளியின் பெயர் இருக்காது. முடிவுகளை மறுபடி பெற முடியவில்லை என்று வருந்தும்போது, அந்த மேசையை எவரும் நினைப்பதில்லை.

தமிழில் 'முட்டு' என்ற சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. சாயும் சுவருக்கு முட்டுக் கொடுப்பது உதவி. ஓடும் காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுவது தடை. பெரிய மாதிரியைத் தாங்குபவர் இந்த இரண்டுக்கும் இடையிலான குறுகலான வழியில் நடக்கிறார். தாங்கி குறைந்தால் கலம் விழும். மிகுந்தால் கலம் மறையும். எஃகுச் சட்டங்களால் நான்கு புறமும் இறுகப் பிடிக்கப்பட்ட 'என்டர்பிரைஸ்' பாதுகாப்பாக இருக்கலாம்; ஆனால் அதைக் காண வரும் குழந்தைக்குச் சட்டங்கள்தாம் தெரியும். தாங்கியை முற்றிலும் மறைத்துக் காற்றில் மிதப்பதாகக் காட்டினாலும், அந்தக் குழந்தை ஒன்றைக் கற்காமல் போகும்: மிதப்பதுபோல் தோன்றும் எதன் கீழும் யாரோ ஒருவரின் கணக்கு இருக்கிறது என்பதை.

செய்யக்கூடியது கடினமானதன்று. மாதிரிக்கு வரைபடம் வைத்திருப்பவர்கள் அதன் தாங்கிக்கும் ஒரு வரைபடம் வைக்கலாம். ஈர்ப்பு மையம், சுமைப் புள்ளிகள், தொடும் பொருள்கள், கழற்றும் வரிசை, செய்தவரின் பெயர், நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பீடத்தின் அடியில் எஃகுத் தகடுகளோடு ஒரு உறையில் வைத்துவிடலாம். அந்த மாதிரியை மறுபடி தூக்கப்போகிறவர் இன்னும் பிறக்காதவராகக்கூட இருக்கலாம். எங்கே கை வைப்பது என்று அவர் தேடும்போது, முதலில் அந்த உறை அவர் கையில் கிடைக்க வேண்டும்.